புதன்கிழமை மதியக் காட்சி

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி காயவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து அப்பா பெங்களூருக்கு வந்து இரண்டு நாள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும், என்னைக் கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறார். "பையன் எலெக்ட்ரானிக் சிட்டியில ஐடி" என்று தரகரிடம் சொல்லியாகிவிட்டது. வேலை போய் மூன்று மாதம் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு அறைக் கதவைச் சாத்தி, ஹெட்செட் மாட்டி, மீட்டிங். மறுமுனையில் யாருமில்லை. "யெஸ், டெஸ்டிங் முடிஞ்சுது. நோ இஷ்யூஸ்." வெளியே அப்பா என் தட்டையும் சேர்த்துக் கழுவும் சத்தம். அசிங்கமாக இருந்தது.

ஜூலை 16, புதன்

அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனேன்.

"ஆபீசு இல்லியாடா?"

"காம்ப் ஆஃப்ப்பா. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வேல பாத்ததுக்கு."

வார நாளிலும் தியேட்டரில் நல்ல கூட்டம். பெரும்பாலும் என் வயசுப் பையன்கள். எல்லோருக்கும் காம்ப் ஆஃப் போலிருக்கிறது.

படம்: வெட்டியாகத் திரியும் நாலு பேர், ஒரு டீக்கடை. குறைகள் (சாப்ட்வேர் டெஸ்டர் புத்தி, குறை தேடுவது போகாது):

– தினமும் புதுச்சட்டை. துவைப்பது யார்?

– குண்டு நண்பனை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதுதான் காமெடியாம்.

– ஹீரோயின். இவனிடம் எதைக் கண்டாள்?

– ஒரே பாட்டு முடிவதற்குள் ஹீரோ முதலாளி ஆகிவிடுகிறான்.

– சும்மா இருப்பவனுக்குப் பயமே இல்லை. விடிந்ததும் இன்றைக்கு என்ன பொய் சொல்வது என்று வருமே, அது ஒரு காட்சியில்கூட இல்லை. இதுதான் பெரிய குறை.

– ஹீரோவின் அப்பா: திட்டுவதற்கும் ஏமாறுவதற்கும் மட்டும்.

ஹீரோ வேலை கிடைத்துவிட்டதாகப் பொய் சொல்லி, டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்ப் பார்க்கில் தூங்குகிறான். அப்பன் தெருவெல்லாம் பெருமை பேசுகிறான். தியேட்டரே சிரித்தது. எனக்கு வேர்த்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா சிரிக்கவில்லை. பாப்கார்னை என் பக்கம் நகர்த்தினார். "சாப்புடு."

வெளியே வரும்போது பின்னால் ஒருவன் நண்பனிடம் கன்னடத்தில், "டைம் பாஸ் மச்சா, தலெ கெடிஸ்கோபேடா." மண்டையைக் குழப்பிக்காதே என்கிறான். சரிதான்.

ஜூலை 17, வியாழன்

மறுபடி தூறல். இன்று சொல்லிவிடுவது என்று எழுந்தேன். மீட்டிங் நடுவில் அப்பா கதவைத் தட்டி டீ வைத்துவிட்டுப் போனார். வாயில் விரல் வைத்து, நீ பேசு என்று ஜாடை. பேசினேன். யாரிடமோ.

சாயங்காலம் மொட்டைமாடியில் ரொம்ப நேரம் போன் பேசிக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை. கோழை.

ஜூலை 18, வெள்ளி

வெயில், அதிசயமாக. இஸ்திரி போட்ட சட்டை, ஷேவிங், பை. அப்பாவோடு சந்தாபுரா பஸ் ஸ்டாப். ஓசூர் பஸ் வந்ததும் ஏறப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ வராத. பொண்ணு பாக்கறது இப்ப வேணாம்னு தரகர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"ஏன்ப்பா?"

"அந்தப் படத்துல அப்பன மக்கு மாதிரி காட்டறான். பெத்தவனுக்குத் தெரியாதாடா?"

கண்டக்டர் விசில். படியில் ஏறியவர் திரும்பி, "வெறும் டீயோட இருக்காத. எதனா சாப்புடு" என்றார்.

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ் போன பிறகும் பையோடு அங்கேயே நின்றேன். மணி பத்து. மீட்டிங் நேரம்.