ஒரு கரைக்கு மட்டும் சுவர்

ஜூலை 4

இன்றும் தைக்க வந்தது பள்ளிச் சீருடைதான். காலர் எல்லாம் நான், கை எல்லாம் அம்மா. “நீ பள்ளிக்கூடத்தை விட்டாலும் யூனிஃபார்ம் உன்னை விடலை” என்று மாமா கிண்டல் செய்கிறார். சிரித்தேன். காது மட்டும் ஆற்றுப் பக்கமே இருந்தது. போன மழையில் தண்ணீர் கட்டில் வரை வந்ததை உடம்பு மறக்கவில்லை.

ஜூலை 9

கையில் அட்டையோடு அதிகாரிகள் வந்தார்கள். தெருச் செய்தி எல்லாம் ரேடியோ அத்தை வாயில்தான் பிறக்கும். கரண்ட் ஆபீஸ் ஆட்கள் என்று அவள் சொன்னதுதான் தாமதம், தையல் மிஷின்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. வீட்டுக் கரண்டில் தொழில் நடத்தினால் இணைப்பையே பிடுங்கிவிடுவார்களே. எங்கள் மிஷின் மேல் போர்வையைப் போட்டு நான் சாய்ந்து நின்றேன். என்ன தொழில் என்று கேட்டதற்கு, “சும்மாதான் இருக்கோம் சார்” என்றாள் அம்மா. எழுதிக்கொண்டு போனார்கள்.

ஜூலை 10

தப்பித்தோம்.

ஜூலை 17

தப்பிக்கவில்லை. அவர்கள் கரண்ட் ஆபீஸ் இல்லையாம், வெள்ளத் தடுப்பு ஆட்களாம். மாமா விசாரித்து வந்தார். ஒரு கரையில் சுவர் கட்டத்தான் பணம் இருக்கிறது. சுவர் இல்லாத கரைக்கு எல்லாத் தண்ணீரும் போகும். எந்தக் கரை மூழ்கினால் நஷ்டம் குறைவு என்று பார்க்கிறார்கள். அக்கரையில் செங்கல் சூளை. நம் தெருவிலோ எல்லாரும் சும்மா இருப்பவர்கள்!

“நம்ம வாயாலயே நாம கெட்டோம்” என்றார் மாமா.

ஜூலை 20

நாளை கருத்துக் கேட்புக் கூட்டம். உண்மையைச் சொன்னால் கரண்ட் போகும், சொல்லாவிட்டால் வீடே போகும். யாராவது சொல்லுவார்களா? எல்லாரும் யாராவது சொல்லுவார்கள் என்றுதான் இருக்கிறார்கள். “நீ வாயைத் திறக்காதே” என்றாள் அம்மா. நான் எப்போது திறந்தேன்?

ஜூலை 21

திறந்துவிட்டேன். எப்படி எழுந்தேனோ. இந்தக் கரையில் பெரிய இழப்பு இல்லை என்று அதிகாரி படித்தார். அத்தை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், எங்க தெருவுல வீட்டுக்கு வீடு மிஷின் ஓடுது. நீங்க வந்தப்ப பயந்து ஒளிச்சிட்டோம்.”

அவர் கோபப்படவில்லை. “கரண்டுக்கு அபராதம் வரும், தெரியுமா பாப்பா?”

தெரியும் என்றேன். பிறகு அத்தை எழுந்தாள். “எங்க வீட்லயும் இருக்கு சார்.” ஒவ்வொருவராக எழுந்தார்கள். அம்மா கடைசியில்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை.

ஜூலை 28

வெள்ளத் தடுப்பு ஆட்கள் மறுபடி வந்தார்கள். மிஷின்களை வாசலிலேயே வைத்துத் தைத்தோம். பின்னாலேயே நிஜமான கரண்ட் ஆபீஸ் ஆட்களும் வந்தார்கள். அபராதம், புது மீட்டர். பணம் கட்ட அம்மா தன் கம்மலைக் கழற்றினாள். ஐயோ, நான்தானே...

ஆகஸ்ட் 19

நம் கரையில் கல் நட்டுவிட்டார்கள். சுவர் நமக்குத்தான். தெருவே சிரிக்கிறது, அத்தை எனக்குத் திருஷ்டி கழித்தாள்.

மாலையில் மழை பிடித்தது. ஆற்றோரம் போய்ப் பார்த்தேன். அக்கரையில் என் வயதுப் பெண் ஒருத்தி, பாயையும் பாத்திரத்தையும் சூளையின் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நின்று, நம் பக்கக் கல்லைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

ஓடி வந்துவிட்டேன். காலர் தைக்கச் சொல்லி அம்மா கூப்பிடுகிறாள். ஊசியில் நூல் நுழைய மாட்டேன் என்கிறது.