சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்

இராஜபாளையம்,
ஆவணி 12

அஸ்ஸாமில் காவல் நிற்கும் அண்ணன் பாண்டிதுரை அவர்களுக்குத் தங்கை வெள்ளத்தாய் எழுதுவது. இங்கு மதினியும் உங்கள் மகள் கார்த்திகாவும் நானும் சுகம். உங்கள் மீசையும் நீங்களும் சுகமா?

போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். கடிதமென்றால் முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆபீசுக்கு உதவியாள் எடுத்தார்கள். ஒரே ஒரு இடம். எட்டாவது படித்திருக்க வேண்டும், சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அம்புட்டுத்தான். உங்கள் மாப்பிள்ளை என்னைத் தனியாக விட்டுக் கண்ணை மூடிய பிறகு எனக்கும் ஒரு பிடிமானம் வேண்டுமே என்று மனுப் போட்டேன். எழுதித் தந்தவள் கார்த்திகா. பொறவு பார்த்தால், தன் பெயருக்கும் ஒன்று போட்டிருக்கிறாள்!

வரிசையில் பாதிப்பேர் இன்ஜினியர் அண்ணே. எனக்கு முன்னால் நின்ற பிள்ளை எம்.எஸ்ஸி.யாம். நான் எட்டாவது என்றதும், இந்த வேலைக்கு நீங்கதான் அக்கா சரியாப் படிச்சிருக்கீக, நாங்க கூடிப்போயிட்டோம் என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கார்த்திகா நாலு வருஷம் கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ்ஸில் போய்வந்த பிள்ளை. எம்மக இன்ஜினியரு, அவ எதுக்குச் சைக்கிள் மிதிக்கணும் என்று சொன்னது யார்? ஆபீஸ் வாசலில் சைக்கிளை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஏறினாள், நேரே வேப்பமரத்தில் போய் நின்றாள். முட்டியெல்லாம் சிராய்ப்பு. நான் சேலையைச் செருகிக்கொண்டு இரண்டு சுற்று வந்தேன். மணி வேறு அடித்தேன். கை தட்டியது அவள் ஒருத்திதான்.

ஆர்டர் எனக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். கவரைப் பிரித்து வாசித்தவளும் அவளே. அத்தே, நீங்க போகலேன்னா உங்ககூடப் பேசமாட்டேன் என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பொறவு செத்த நேரம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் நான் காலையிலேயே விளக்கி வைத்த பாத்திரம்.

இரண்டு வருஷமாகச் சும்மா இருக்கிறாள் என்று திட்டாதீர்கள். அவள் மனுப் போடாத இடமில்லை. படித்த பிள்ளைகள் எம்புட்டோ பேர், வேலை அம்புட்டு இல்லை. அவள் மட்டும் என்ன செய்வாள்?

இராஜபாளையத்திலும் இதே வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்களாம். எட்டாவது வேலைக்கா என் மகள் என்று குதிக்காமல் லீவு போட்டு வாருங்கள். எனக்குக் கண்மாய்க்கரையில் சைக்கிள் பழக்கினீர்களே, பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன் என்று சொல்லிக்கொண்டே கையை விட்டீர்களே, அப்படி அவளுக்கும் பழக்குங்கள். அவளுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கையை விடுங்கள் அண்ணே.

பேச்சியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
வெள்ளத்தாய்