பாலத்து மேல ஒட்டின சிவப்பு

மார்ச் 4, செவ்வாய்

மகள் இன்றும் சைக்கிளில்தான் போனாள். அவள் அப்பா வேலை பார்த்த அதே நூல் ஆலை, போகிற வழியில் அதே ஆற்றுப்பாலம். அவர் போனபின் அந்த வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். பஸ்ஸில் போடி என்றால், "அது ஊரெல்லாம் சுத்திக்கிட்டுப் போகும்மா, அதுக்குள்ள கேட்டைச் சாத்திடுவாங்க" என்கிறாள். அவள் திரும்பி வரும்வரை என்னால் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. நான் வேலை செய்கிற சலவைக்கூடத்தில் மடித்த போர்வையையே பிரித்து மறுபடி மடிக்கிறேன். மேலாளர் பார்த்துவிட்டு, மடித்ததைத் தானே எடுத்து அடுக்கினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவரை லாரி அடித்ததிலிருந்து நான் அந்தப் பாலத்துப் பக்கமே போகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நூலகத்தில் கூட்டம். சுற்றுவட்டாரத்து ஐந்து ஊரையும் சேர்த்து, சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் தனிப் பாதை போடப்போகிறார்களாம். கொழுந்தனார் விடாமல் கூட்டிக்கொண்டு போனார். பஞ்சர் கடை வைத்திருக்கிறவர். "நல்ல பாதை போட்டா எனக்குத்தான் அண்ணி நஷ்டம், ஆணியே குத்தாது" என்று வழியெல்லாம் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

மேசை நீளத்துக்கு வரைபடம். திட்ட அலுவலகத்து அம்மா இருமிக்கொண்டே விளக்கினார். தினம் போகிற வழியில் பச்சை ஸ்டிக்கர், பயமான இடத்தில் சிவப்பு. நான் சிவப்பை எடுத்துப் பாலத்தில் ஒட்டினேன். கொழுந்தனாரும் அங்கேயே ஒட்டினார். அப்புறம் ஆலைக்குப் போகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக என் முகத்தைப் பார்த்தார்கள். கையிலிருந்த பச்சையை வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தார்கள். பாலமே மறைந்துபோனது. ஒருத்தி தோளைத் தொட்டு, "உங்களுக்காகத்தான் அக்கா" என்றாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

பாதையை வரைந்து நூலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வாய்க்கால் கரையோடு அழகாக, ஐந்து ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. பாலத்தில் கோடே இல்லை. ஆலையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

அந்த அம்மாவையே கேட்டேன். "அங்க ஒரு பச்சைகூட இல்லையேம்மா. பயந்துக்கிட்டு யாரும் போறதில்லன்னு நினைச்சோம். ஆளே போகாத பாலத்தை அகலப்படுத்தக் கேட்டா மேல ஒத்துக்க மாட்டாங்க."

ஆளே போகலையா — என் மக போறாளே. தினம் போறாளே. எல்லாரும் எனக்காக ஒட்டி, என் பிள்ளைக்கே வழியில்லாமப் பண்ணிட்டோமே. என்ன வேலை பண்ணி வச்சிருக்கோம்...

மார்ச் 28

மகளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

மார்ச் 30, ஞாயிறு

கொழுந்தனார் வந்தார். இன்று கேலி ஒன்றும் இல்லை. "அடுத்த ஞாயிறு கடைசிக் கூட்டம். பச்சை ஒட்டிடலாம் அண்ணி. ஆனா முதல்ல நீங்க ஒட்டணும். நீங்க ஒட்டாம எவளும் தொடமாட்டா."

பச்சை என்றால் நான் போகிற வழி. நான் போகவில்லையே. அவர் விழுந்த இடத்தில் பொய்யை ஒட்டுவதா? சிவப்பை எடுத்தால் அங்கே ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடாதா?

உள்ளே இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் மகள். வெளியே வந்து, "எனக்கும் பயம்தாம்மா. தினம் பயந்துக்கிட்டேதான் போறேன். ஆனா போறேன்ல?" என்றாள்.

பயமே இல்லாதவள் என்று நினைத்திருந்தேன்.

"அப்போ ரெண்டையும் ஒட்டலாமாடி?" என்று கேட்டேன். கொழுந்தனார் என்னையே பார்த்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

போனேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்தேன். லாரி கடக்கும்போது காற்று ஆளையே இழுக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணைத் திறந்து நட. இழுத்துக்கிட்டுப் போக நீ என்ன மூட்டையா?" என்றாள். இடம் எது என்று அவளும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் சுவர் புதுசாகப் பூசியிருந்தது.

ஆலை வாசலில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேன். வேலைக்கு லேட். வீட்டுக்கு வந்ததும்தான் அழுதேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சிவப்பை எடுக்கவில்லை. பக்கத்திலேயே பச்சையை ஒட்டினேன். "பயம்தான். ஆனா போறோம்," என்றேன். ஆலைப் பெண்கள் வந்தார்கள். இடம் போதாமல் ஆற்றுத் தண்ணீர் மேலெல்லாம் பச்சை.

அந்த அம்மா ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "கேட்டுப் பார்க்கிறேன். முடிவு என் கையில இல்ல."

ஏப்ரல் 22

ஒரு தகவலும் இல்லை. போர்வை, போர்வை, போர்வை.

மே 19, திங்கள்

பாலமும் பாதைத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. கடைசிக் கட்டமாம், அடுத்த வருஷம்தானாம். அதுவரை லாரி பாட்டுக்கு லாரி.

காலையில் மகளோடு பாலத்தைத் தாண்டுவது பழகிவிட்டது. அக்கரையில் அவள் ஏறி மிதித்துவிடுவாள், நான் திரும்பிவிடுவேன். இன்று திரும்பும்போது, ராத்திரிக்கு என்ன சமைப்பது, இருக்கிற மாவு போதுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பாலம் முடிந்து தெருவில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. அந்த இடத்தை எப்போது தாண்டினேன்?

அப்படியே நின்றேன். திரும்பிப் போய் ஒருதரம் பார்த்துட்டு வரணுமோ? அவர் என்ன நினைப்பார்?

பின்னால் சைக்கிள் மணி அடித்தது. ஒதுங்கி வழி விட்டேன்.