தலைவலியும் நைட் ஷிப்டும்

திங்கட்கிழமை, இரவு.

என் தலைவலிக்காக இன்று டாக்டரிடம் போனோம். கண்ணில் குறையில்லை என்றார். "எப்பெப்ப வருதும்மா?" என்று என்னைத்தான் கேட்டார். "எந்நேரமும் கதைப் புத்தகந்தாங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் லைப்ரரிப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில்தான் எனக்கு வலிக்கிறது. காலையில் வந்து தூங்கும் அவரை இரைச்சல் எழுப்பிவிடும் என்று அம்மா பம்பு ஸ்டவ்வைப் பற்றவைப்பதில்லை. நான் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிறேன். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"வக்கீலுக்குப் படிக்கப் போறியாடி?"

"பழைய சோறு போதும்மா. நாளையிலேர்ந்து சாப்பிட்டுட்டுப் போறேன். இந்த வாரம் வலிக்கலேன்னா புத்தகத்தைத் தந்துடணும்."

"வலிச்சுதுன்னா?"

"டாக்டர்கிட்ட நானே பேசுவேன்."

அப்பா ஷிப்டுக்குக் கிளம்பியதும், அம்மா மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள். பெட்டிச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.