ஹெல்சிங்கியில் பார்த்தும் பார்க்காதது

ஹெல்சிங்கி, 2 மே 1963

அன்புத் தங்கை ரோஸ்விதாவுக்கு,

நலமா? கிழக்கு ஜெர்மனியிலிருந்து வரும் வர்த்தகக் குழுவில், மொழிபெயர்ப்பாளர் என்று உன் பெயரைப் பார்த்தேன். நாம் நேரில் பார்த்து ஒன்பது வருஷம். சந்தோஷப்படுவதா பயப்படுவதா, தெரியவில்லை. நான் மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அதிகாரி. உங்கள் கொடி இருக்கும் அறையில் நாங்கள் நிற்கவே கூடாது. அதனால் நீங்கள் இங்கே இருக்கும் ஞாயிறு பத்து மணிக்குத் துறைமுகச் சந்தைக்கு வா, காபி குடிப்போம். வழியில் இதைப் பிரித்துப் படிப்பவருக்கும் என் வணக்கம்.

உன் அண்ணன்
எபர்ஹார்ட்

லைப்சிக், 20 மே 1963

அன்புள்ள அண்ணா,

ஊர் வந்து சேர்ந்தேன். சனிக்கிழமை ஃபின்லாந்துக்காரர்கள் கொடுத்த விருந்தில் மூன்றடி தூரத்தில் நின்றாய். "என்ன அண்ணா, தலையில ஒரு முடிகூட மிச்சம் வைக்கலையா?" என்றேன். என் சட்டையில் குத்தியிருந்த கொடியைப் பார்த்தாய். "மன்னிக்கணும் மேடம், நீங்க யாருன்னு தெரியலையே" என்று போய்விட்டாய். எங்கள் ஆட்கள் நீ யாரென்று கேட்டார்கள். "ஆள் மாறிப் பேசிட்டேன்" என்றேன். அந்தப் பொய் உனக்காகவா, எனக்காகவா? மறுநாள் சந்தையில் பன்னிரண்டு மணிவரை நின்றேன். வராதவன் ஏன் கூப்பிட்டாய்?

ரோஸ்விதா

ஹெல்சிங்கி, 4 ஜூன் 1963

அன்பு ரோஸ்விதா,

வந்தேன். மீன் கடைக்குப் பின்னால் நின்றேன். விருந்தில் என் மேலதிகாரி பக்கத்தில் இருந்தார், அதனால்தான் உன்னைத் தெரியாதவன் போலப் பேசினேன். மன்னிப்புக் கேட்கத்தான் சந்தைக்கு வந்தேன். ஆனால் சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர் உன்னை விட்டு அசையவே இல்லை. கடிதத்தைப் படித்து உன்மேல் ஆள் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பேசினால் உனக்கு ஆபத்து என்று திரும்பிவிட்டேன். எனக்கு ஆபத்து என்றும் நினைத்தேனோ என்னவோ, இப்போது சரியாகச் சொல்ல வரவில்லை.

எபர்ஹார்ட்

லைப்சிக், 1 ஜூலை 1963

அண்ணா,

அந்தச் சாம்பல் கோட்டுக்காரர் எங்கள் குழுவில் அச்சு இயந்திர மெக்கானிக். போன வாரம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. உன்னிடம் காட்டத்தான் கூட்டி வந்தேன். உனக்காக டை கட்டக் கற்றுக்கொண்டார். "உங்க அண்ணனுக்கு என்னைப் பிடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். கல்யாணத்தில் நம் வீட்டுப் பக்கம் ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

ரோஸ்விதா

பான், 10 அக்டோபர் 1963

என் தங்கைக்கு,

மூன்று கடிதம் போட்டேன். வந்து சேரவில்லையா, நீதான் எழுதவில்லையா? மேலதிகாரியிடம் போய், அன்று விருந்தில் பேசியது என் தங்கை என்று சொல்லிவிட்டேன். "யாருமே கேக்கலையே, இப்ப ஏன்யா சொல்றீங்க?" என்றார். அடுத்த மாதமே என்னை இங்கே தலைநகரில் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வர இருந்த தூதர் பதவி இனி இல்லை. வருத்தப்பட வேண்டும் போலிருக்கிறது, ஆனால் வருத்தம் வரவில்லை.

உங்கள் இருவருக்கும் ஒரு மேஜை விரிப்பு வாங்கியிருக்கிறேன். பொட்டலத்தின் மேல் பெயர் எழுத உட்கார்ந்தேன். உன் கணவர் பெயரை நீ சொல்லவே இல்லையே, ரோஸ்விதா.

எபர்ஹார்ட்