தூணில் ஒட்டிய பொட்டு

அம்மா,

இன்று காலை வெள்ளவத்தை ஸ்டேஷனில் கடல் காற்றையும் மீறிப் பெயின்ட் மணம் மூக்கில் ஏறியது. இரும்புத் தூண்களைச் சுரண்டிப் பச்சை அடிக்கிறார்கள். டிக்கெட் அறைச் சுவரில் ஸ்டேஷனின் வரலாறு என்று புதிதாக ஒரு பலகை. தண்டவாளம் போட்டது, கூரை மாற்றியது, யார் வந்து திறந்தது எல்லாம் இருக்கிறது. கம்பஸில் வரலாறு படித்தவள் அல்லவா, முழுவதும் வாசித்தேன். உங்கள் தூண் அதில் இல்லை.

யுத்த காலத்தில், வேலைக்கு ரயிலேறும் முன், தமிழ்ப் பெண் என்று தெரியாமலிருக்க, நீங்கள் நெற்றிப் பொட்டை உரித்து அந்தத் தூணின் கடல் பக்கத்தில் ஒட்டுவீர்கள். பின்னேரம் வந்து இறங்கியதும் எடுத்து வைப்பீர்கள். வேறு பெண்களின் பொட்டுகளும் கறுப்பும் மெரூனுமாக அங்கே இருக்கும். "மாறி எடுத்துப்போடாதையும், மனுசன் மாறிப்போவான்" என்று உங்களோடு புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்கு வரும் அக்கா பகிடி பண்ணுவா.

பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் கடைக்குக் கூட்டிப்போன நாள். நீங்கள் பொட்டை ஒட்டிக் கை எடுக்கவில்லை, முன்னால் போன ரயிலில் குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தது. மேடை வாங்கில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனின் அடையாள அட்டையைக் கூட்டத்தில் ஒருவன் பிடுங்கிப் பெயரை உரக்க வாசித்தான். அவ்வளவுதான். முதல் உதை வயிற்றில். பிறகு குடைக் கம்பு, சப்பாத்து. தலைமயிரைப் பிடித்து முகத்தைச் சீமெந்துத் தரையில் மோதினார்கள். ஒரு பல் தெறித்து என் காலடியில் விழுந்தது.

விடச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினீர்கள். உங்களைத் தங்கள் ஆளென்றே நினைத்தார்கள். நோனா, இவன் தமிழன், பிள்ளையோடு தள்ளி நில்லுங்கள் என்று ஒருவன் மரியாதையாகவே சொன்னான்.

தள்ளித்தான் போனீர்கள், தூணடிக்கு. பொட்டை உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, அவன் மேல் கவிழ்ந்து மூடினீர்கள். நானும் தமிழ்தான், அடியுங்கள் என்றீர்கள், அதே சிங்களத்தில்.

அடித்தார்கள். குடைக் கம்பு உங்கள் இடது காதில் இறங்கியபோது ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போலச் சத்தம் கேட்டது. டிக்கெட் கொடுக்கும் சிங்கள மாத்தையா ஓடிவந்து எங்கள் மூவரையும் அறைக்குள் இழுத்துப் பூட்டினார். வெகுநேரம் கதவை உதைத்தார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது அந்த இளைஞனுக்கு மூச்சு இருந்தது. பிழைத்தானா என்று நமக்குத் தெரியவே வரவில்லை. உங்கள் இடது காது அன்றோடு போனது.

வளர்ந்த பின் ஒருநாள் கேட்டேன், பொட்டில்லாமலே இன்னும் கொஞ்சம் கதைத்துப் பார்த்திருக்கலாமே என்று.

"ஓம் பிள்ளை, பாத்திருக்கலாம்தான். அந்த நேரம் வெறும் நெத்தி கூசிப்போச்சு."

இன்று உங்கள் தூணைச் சுரண்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பொட்டோடுதான் ரயிலேறினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்கும் காதுக்குப் பக்கமாக உங்கள் வலப்புறமே நடந்து வளர்ந்தவள் நான். இப்போதும் யாரோடு நடந்தாலும் அந்தப் பக்கம் மாறிவிடுகிறேன். "ஒரு பக்கமா நிக்க மாட்டீரோ" என்று கூட வேலை செய்பவள் சிரிப்பாள். காரணம் சொன்னதில்லை. இன்றும் ரயிலில் இடப்பக்க இருக்கையை உங்களுக்கென வெறுமையாக விட்டு, வலப்பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.