பவுன் கைக்கு ஒரு ஸ்டியரிங்

5 ஜனவரி, ஞாயிறு
இன்றும் வண்டி கிளம்பவில்லை. போன ஜூன் மாதம் குளியலறையில் விழுந்ததிலிருந்து என் வலது தோள் மேலே எழுவதில்லை. இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். கையை மேசைமேல் வைத்து எழுதினால் வலிக்காது. அதனால்தான் என் மனைவி பவுன் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள். எழுபத்தொரு வயதில் என் பெயரை நானே எழுதினேன். இப்போது ஒரு நோட்டே எழுதுகிறேன்!

வண்டி இல்லாமல் பவுன் கடக்வாஸ்லா அணைப்பக்க நர்சரியிலிருந்து ரிக்‌ஷாவில் செடி கொண்டுவந்து இங்கே புனேயில் வானவடி அபார்ட்மெண்ட் வாசல்களில் விற்கிறாள். ஏற்றி இறக்குவதற்குள் பாதித் தொட்டி உடைந்துவிடுகிறது.

மகள் கீர்த்தி நிக்டியிலிருந்து வந்திருந்தாள்.
"அப்பா, ஒரு ஹோட்டல்காரர் நம்ம ஜீப் பிக்கப்பைக் கேக்கிறார். வாசல்ல ஷோவுக்கு நிறுத்துவாராம். எஞ்சின்கூட வேணாமாம்."
எஞ்சின் வேண்டாமாம்.
பவுன், "நான் ஓட்டறேன்" என்றாள். நானும் கீர்த்தியும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

8 ஜனவரி, புதன்
பவுன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்தாள். கால் சுற்று வந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது.
"இந்த ஆட்டுக்கல்லை நாப்பது வருஷம் எப்படிங்க திருப்பினீங்க?"
நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். மாதக் கடைசி வரை பார்ப்போம், அதற்குள் தன்னால் திருப்ப முடியாவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று அவளே சொன்னாள்.

11 ஜனவரி, சனி
தெருமுனைக் காலி மனைக்கு மெக்கானிக் ஜெயசீலன் வந்து, அங்கே நிற்கும் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். புனேயிலேயே பிறந்தவர், ஐம்பது வயது இருக்கும்.
"அண்ணா, பவர் ஸ்டியரிங் போட்டுடலாம். ஏக்தம் மக்கன்!"
"வெண்ணெய்னு தமிழ்ல சொல்லு தம்பி, காசா கேக்கிறாங்க?" என்றாள் பவுன்.
ஐம்பது வருட வண்டிக்கு அது பொருந்துமா? பொருத்தலாம் என்கிறார். உடைக்கப்போன ஒரு பெரிய காரின் ஸ்டியரிங் பாக்ஸை பங்கார் என்கிற காயலான் கடையில் பார்த்து வைத்திருக்கிறாராம்.

13 ஜனவரி
பவுனுக்கு எல் லைசென்ஸ் வந்தது. போட்டோவில் போலீஸ்காரி மாதிரி முறைக்கிறாள்.

17 ஜனவரி, வெள்ளி
வண்டியின் அடிச்சட்டத்தில் இரும்புத் தகடு வெல்டு வைத்து, அதன்மேல் பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் பக்கம் பம்ப், அதற்கு ஒரு பெல்ட், மேலே சின்ன எண்ணெய் டப்பா. இனி இரண்டு ஹோஸ்தான் பாக்கி. ஒன்றில் எண்ணெய் அழுத்தத்தோடு பாக்ஸுக்குப் போகும், மற்றதில் டப்பாவுக்குத் திரும்பி வரும். கடைக்காரன் இரண்டுக்கும் ஒரே மாதிரி முனை போட்டுக் கொடுத்துவிட்டான். மாறிவிட்டால்?

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஹோஸ்களிலும் பாக்ஸின் இரண்டு வாய்களிலும் வெள்ளை டேப் ஒட்டி, "போகும் எண்ணெய்", "வரும் எண்ணெய்" என்று எழுதினேன். நிறுத்தி, அழகாக. ஜெயசீலன் பார்த்து, "சூப்பர் அண்ணா" என்றார். என் எழுத்து ஒரு வேலைக்கு உதவுவது இதுதான் முதல் தடவை. வீடுவரை விசிலடித்துக்கொண்டே வந்தேன்.

18 ஜனவரி, சனி
எப்படி எழுதுவது.
பவுன் சீட்டில் இருந்தாள். எஞ்சின் ஓடியது. ஸ்டியரிங்கைத் திருப்பினாள் — நாய் ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம், பிறகு டப் என்று ஒன்று. சிவப்பு எண்ணெய் தரையெல்லாம் கொட்டியது. பாக்ஸுக்குள் ரப்பர் சீல் கிழிந்துபோச்சு.
குனிந்து பார்த்தேன். போகும் ஹோஸ், வரும் வாயில் மாட்டியிருந்தது.
"எழுதித்தானே வெச்சிருக்காரு. படிக்கலையா தம்பி?" என்றாள் பவுன்.
ஜெயசீலன் டேப்பை உரித்துக் கையில் வைத்துப் பார்த்தார். "வெளிச்சம் பத்தலைக்கா" என்றார்.
நட்ட நடு மத்தியானம். டேப் அவர் கையில் தலைகீழாக இருந்தது.

எழுத்து தெரியாத நாளில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் — கண்ணாடி வீட்டில் இருக்கு, கண்ணில் தூசு, நீங்களே படிச்சுச் சொல்லுங்க சார். அதே முகம். நேற்று "சூப்பர்" என்றபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? என் எழுத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், அவரை எங்கே பார்த்தேன்?
"தப்பு என்மேலதான். மாத்தி எழுதிட்டேன்" என்றேன்.
பவுன் என்னைப் பார்த்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நீங்க மாத்தி எழுதுற ஆளு இல்ல" என்றாள்.

20 ஜனவரி, திங்கள்
எழுத்து எண்ணெயில் அழிந்துவிடும் என்று சொல்லி டேப்பையெல்லாம் கிழித்தேன். போகிறதற்குச் சிவப்புத் துணி, வருகிறதற்குப் பச்சைத் துணி. ஜெயசீலன் முடிச்சுப் போட்டார்.
"அண்ணா, நான் மராத்தி ஸ்கூல்."
"தெரியும்ப்பா. நான் எந்த ஸ்கூலும் இல்ல."
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது.

25 ஜனவரி
சீல் கிடைக்கவில்லை.

28 ஜனவரி, செவ்வாய்
இன்றும் இல்லை. முப்பத்தொன்றாம் தேதி ஹோட்டல்காரர் கிரேனோடு வருகிறாராம். பவுன் வண்டியைக் கழுவினாள். யாருக்காகக் கழுவுகிறாள்?

30 ஜனவரி, வியாழன்
ஜெயசீலன் மூன்று பங்கார் கடை ஏறி இறங்கி சீல் கொண்டுவந்தார். சாயங்காலம் அதை மாட்டினோம். துணியை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். எஞ்சின் ஓடியது. ஊளை இல்லை. பவுன் திருப்பினாள். இரண்டு கையால், ஒரு கையால், பிறகு — ஒரே விரலால்! சக்கரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தது.
"வெண்ணெய்" என்றார் ஜெயசீலன்.
பவுன் முகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வேர்வையாம்.

31 ஜனவரி, வெள்ளி
ஹோட்டல்காரர் வந்தார். பவுன் வண்டியைக் காலி மனையில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து அவர் கிரேனுக்கு முன்னால் நிறுத்தினாள். எஞ்சின் இரண்டு தடவை நின்றது. அதனால் என்ன? "அம்மா! பஸ், பஸ், போதும்!" என்று கத்திக்கொண்டு கீர்த்தி பின்னாலேயே ஓடிவந்தாள். ஹோட்டல்காரரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஹோட்டல் வாசலுக்குக் காகிதப்பூச் செடி பத்து விற்றுவிட்டாள் பவுன்.

23 பிப்ரவரி, ஞாயிறு
எழுத்து ஆடுகிறது. கை நடுக்கம் இல்லை. கடக்வாஸ்லா ரோடு அப்படி. முன்னால் எல் போர்டு, பின்னால் காலித் தொட்டிகள், நான் இடப்பக்க சீட்டில். நாற்பது வருடம் இந்தப் பக்கம் பவுன்தான் உட்கார்ந்து வந்தாள். அணைத் தண்ணீர் இங்கிருந்து எவ்வளவு நன்றாகத் தெரிகிறது. எனக்கு இது தெரியவே தெரியாது.
"எழுதினது போதுங்க. திரும்பணும், உங்க பக்கம் ஏதாவது வருதா பாருங்க."
பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பு என்றேன்.